பட்டியலில் இல்லாத பதினொரு பேர்

ஜனவரி 29, 1985 – செவ்வாய்

சுக்குக் காலம். கிடங்கிலிருந்து வரும் தூசியில் ஆபீஸ் முழுக்கத் தும்மல். இன்று மட்டும் பதினான்கு கடிதம் டைப் அடித்தேன். எல்லாம் சுக்கு, மிளகு, மஞ்சள்.

மூன்று மணிக்கு ராசப்பன் மாஷ் வந்தார். ஹைஸ்கூலில் எனக்குச் சரித்திரம் எடுத்தவர். ரிட்டயர் ஆன பிறகும் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். எத்தியோப்பியாவில் பஞ்சம் என்று பேப்பரில் வருகிறதே, அதற்கு மருந்தும் பால்பொடியும் சேர்த்து அனுப்ப ஒரு குழு வைத்திருக்கிறார். எங்கள் முதலாளி வெங்கிடாசலம் சார்தான் புரவலர். அந்த நாட்டில் ஒன்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த அன்னக்குட்டி டீச்சர் என்பவர் லீவில் வந்திருக்கிறாராம். மட்டாஞ்சேரி, சுள்ளிக்கல், இடக்கொச்சி, வல்லார்பாடம் என்று இரண்டு வாரம் அவரைப் பேச வைக்கப் போகிறார்கள். டீச்சர் பேசுவது மலையாளம். பஜாரில் வேலை செய்கிற தமிழ் ஜனங்களுக்கு அதைத் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

"கமலாக்ஷி மதி, அவள் போதும்," என்றார் மாஷ், நான் அந்த அறையில் இல்லாததுபோல முதலாளியைப் பார்த்து. முதலாளி தலையாட்டினார்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். முப்பத்திரண்டு வயது. வீடு, ஆபீஸ், வீடு. எங்காவது போக வேண்டும் போல் இருக்கிறது. இடக்கொச்சியாவது.

பிப்ரவரி 2 – சனி

அன்னக்குட்டி டீச்சரைப் பார்த்தேன். மெலிந்த, கறுத்த முகம். நாற்பத்தைந்து இருக்கும். மாலை போட வந்த மாஷிடம், "இது வேண்டா மாஷே, பூவெல்லாம் வாடிப் போகும்," என்று சொல்லி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். மாஷுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பிடித்தது.

அம்மாவிடம் சொன்னேன். "உனக்கெதுக்குடி ஊர் வேலை," என்றாள். பிறகு, "மாமா சொல்லியிருந்தா போ." அம்மாவுக்கு வெங்கிடாசலம் மாமா தூரத்து உறவில் தமையன். அப்பா இறந்த வருஷமே எனக்கு டைப்பிஸ்ட் வேலை கொடுத்தவர். ஆபீஸில் சார், வீட்டில் மாமா. இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாமல் எட்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

பிப்ரவரி 5 – செவ்வாய்

சுள்ளிக்கல்லில் முதல் கூட்டம். சொதப்பிவிட்டேன்.

டீச்சர் நாலு வாக்கியம் பேசி நிறுத்துவார், நான் தமிழில் சொல்ல வேண்டும். எழுதிப் பழகலாம் என்று நேற்றே ஒரு தாளில் தமிழை மலையாள எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். எனக்கு அதுதான் வேகம், பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம்தானே. டீச்சர் அதிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. 'வறட்சி' என்பதற்கு 'வரட்சி வரட்சி' என்று இரண்டு தடவை தடுமாறினேன், பின்னால் இருந்து யாரோ சிரித்தார்கள்.

தமிழ் ஆட்கள் எண்ணிப் பத்துப் பேர்கூட வரவில்லை. வந்தவர்களில் ஒருத்தி எங்கள் கிடங்கில் சுக்குப் பொறுக்குகிற மாயம்மாள். உசிலம்பட்டிப் பக்கம், வந்து பத்து வருஷம் ஆகிறது. எட்டு வருஷமாக ஜன்னல் வழியாகத் தலையைப் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. கூட்டம் முடிந்ததும் அவளே வந்தாள்.

"தங்கச்சி, சாயந்தரம் வச்சா எங்க பொம்பளைக எப்படி வரும்? அடுப்பு யாரு பாக்குறது? மத்தியானம் பஜார்லயே வைங்க. நான் கூட்டியாறேன்."

தங்கச்சி என்றாள். ஆபீஸ் பெண்ணை அவர்கள் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நானும் மாயக்கா என்று சொல்லிவிட்டேன். மாஷிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், அங்கேயே தீர்மானம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி, படகுத்துறைக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் பண்டகசாலை நிழலில்.

பெண்களுக்கு முதலாளியிடம் அனுமதி வாங்குவது என் பொறுப்பு.

பிப்ரவரி 7 – வியாழன்

காலையில் கேட்கப் போனேன், துறைமுகத்திலிருந்து ஆட்கள். பதினொரு மணிக்குப் போனேன், பம்பாய்க்கு டிரங்க்கால். நாலு மணிக்கும் டிரங்க்கால்தான். இனி நேரமில்லை என்று வாசலில் நின்றபடியே கேட்டேன் – நாளை மதியம் சுக்குப் பெண்களை இரண்டு மணி நேரம் விடலாமா சார், டீச்சர் கூட்டத்துக்கு. ரிஸீவரைக் காதிலிருந்து எடுக்காமலே கையை அசைத்தார். "நோக்கலாம், நோக்கலாம்."

வெளியே மாயக்கா காத்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னாரு?"

சரி என்று சொல்லிவிட்டார் என்றேன்.

பிப்ரவரி 8 – வெள்ளி

இப்படி ஒரு நாள் எனக்கு வந்ததில்லை.

எங்கள் கிடங்கிலிருந்தே பதினொரு பெண்கள். மற்றப் பண்டகசாலைகளிலிருந்து இன்னும் எத்தனையோ பேர். தலையில் கட்டிய துணியோடு, தூசியோடு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மாயக்கா முந்தின நாள் சாயங்காலம் சந்து சந்தாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். மைக் வேலை செய்யவில்லை. யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை.

டீச்சர் பிணங்களைப் பற்றிப் பேசவில்லை. பள்ளிக்கூடத்தை மூடி முகாம் ஆக்கியதைச் சொன்னார். தான் கணக்குச் சொல்லிக் கொடுத்த வகுப்பறையிலேயே குழந்தைகளின் கையை அளக்கிற வேலை செய்ததைச் சொன்னார். கலர் அடித்த ஒரு நாடா. மேல்கையில் சுற்ற வேண்டும். கை ரொம்ப மெலிந்து சிவப்பில் வந்தால் உள்ளே, கஞ்சி உண்டு. மஞ்சளில் வந்தால் வீட்டுக்குப் போகச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் போதுமான கஞ்சி இல்லை. நான் தமிழில் சொன்னேன். தடுமாறவே இல்லை. என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அப்போது மாயக்கா எழுந்தாள். "அளவுல வராத புள்ளைக என்ன ஆச்சு, டீச்சர்?"

நான் மலையாளத்தில் கேட்டேன். படகு ஒன்று துறையில் முட்டி நின்றது. டீச்சர் மெல்லச் சொன்னார். நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னேன்.

"ஒரு வாரம் கழிச்சுத் திரும்பி வந்தாங்க. அப்ப அளவுல வந்தாங்க."

எங்கள் பெண்களில் ஒருத்தி, ஒச்சம்மாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

கூட்டம் முடிந்து எழுந்தபோது நாலே கால். இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது. பரவாயில்லை என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நடந்தேன்.

பிப்ரவரி 9 – சனி

எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

இன்று காலை லாரி ஏற்ற வேண்டிய சுக்கு. நேற்று மாலைக்குள் பொறுக்கி முடித்திருக்க வேண்டும். முடியவில்லை. பாதி மூட்டைதான் போனது, மீதி இல்லாமல் கப்பல் கிளம்பிவிட்டது. அது எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கப்பலுக்கான கடிதத்தை டைப் அடித்ததே நான்தான். தேதி என் கையால் அடித்த தேதி. ஒரு நிமிஷம் யோசிக்கவில்லையே – ஏன் யோசிக்கவில்லை?

பத்து மணிக்கு முதலாளி முற்றத்துக்கு வந்தார். பதினொரு பேரையும் நிறுத்தினார். கத்தவில்லை. அவர் கத்துகிற மனிதர் இல்லை.

"யாரு உங்களைப் போகச் சொன்னா?"

நான் மேலே ஜன்னலில் நின்றிருந்தேன். மாயக்கா தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"யாரும் சொல்லல முதலாளி. நாங்களாத்தான் போனோம்."

மேலே வந்து என்னிடம் கேட்டார். "நான் சரின்னு சொன்னேனோ கமலாக்ஷி?" இல்லை சார் என்றேன். அது உண்மைதானே. அவர் சொல்லவில்லை. அவ்வளவுதான் அவர் கேட்டார், அவ்வளவுதான் நான் சொன்னேன்.

மேஸ்திரி ஒச்சப்பன் பதினொரு பேரின் பெயரையும் பதிவிலிருந்து அடித்துவிட்டார். திங்கள் முதல் வர வேண்டாம்.

நீ என்ன பண்ணினே கமலு? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியலையா உன்னால?

பிப்ரவரி 10 – ஞாயிறு

வல்லார்பாடம். எறணாகுளம் போய் அங்கிருந்து படகு. அங்கே தமிழ் கேட்க ஆள் இல்லை, நான் போகத் தேவையே இல்லை. வீட்டில் இருக்க முடியாமல் போனேன்.

படகில் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேற்று நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் வேறு எதையோ கேட்டேன். அங்கே என்ன சாப்பிடுவீர்கள், குளிருமா, மழை எந்த மாதம். மழை ஜூனில் தொடங்க வேண்டும், பல வருஷமாகச் சரியாக வரவில்லை என்றார். பிறகு அவரே, "கமலாக்ஷிக்கு சுகமில்லையோ?" என்று கேட்டார். வெயில் என்றேன்.

பிப்ரவரி 11 – திங்கள்

கிடங்கில் புது ஆட்கள். ஜன்னலைச் சாத்தி வைத்தேன். புழுக்கம்.

பிப்ரவரி 12 – செவ்வாய்

இடக்கொச்சியில் கூட்டம். பஸ்ஸிலிருந்து இறங்கினால், சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருப்பது மாயக்கா. கஞ்சிப் பசை வாளியும் கையுமாக. கூட இன்னும் இரண்டு பேர். தோப்பும்படியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள்.

வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்கள், எந்தக் கூட்டத்துக்குப் போனதற்காக நிறுத்தப்பட்டார்களோ அதே கூட்டத்துக்குப் போஸ்டர் ஒட்டுகிறார்கள். எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். என்ன கேட்பது?

"எதுக்கு மாயக்கா இதெல்லாம், இப்ப?"

"அது வேற, இது வேற," என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "தள்ளி நில்லுங்கம்மா. சேலையில பசை படும்."

அம்மா. தங்கச்சி இல்லை.

கூட்டத்தில் என்ன மொழிபெயர்த்தேன் என்று நினைவில்லை. நன்றாக இருந்தது என்று மாஷ் சொன்னார்.

பிப்ரவரி 13 – புதன்

பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். அம்மா என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

பிப்ரவரி 14 – வியாழன்

சனிக்கிழமை நிறைவுக் கூட்டம். சிவராத்திரிக்கு ஊரில் பாதி ஆலுவாவுக்குப் போய்விடும், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மாஷுக்கு அவசரம். மத்தியானம் ஆபீஸுக்கு வந்து ஒரு தாளைக் கொடுத்தார். நன்றியுரை நான் சொல்ல வேண்டுமாம், இரண்டு மொழியிலும். தாளில் வரிசை போட்டு எழுதியிருந்தார். முதலில் புரவலர், ஜீப்பும் மைக்கும் தந்து உதவிய திரு வெங்கிடாசலம் அவர்கள். பிறகு இடம் தந்தவர்கள், நோட்டீஸ் அடித்துத் தந்த அச்சகத்தார், படகுக்காரர், போலீஸ் ஸ்டேஷன். கடைசியில் 'மற்றும் தொண்டர்கள் பலர்'.

அந்தப் பெண்களின் பெயர் இல்லையே மாஷ் என்றேன்.

"பெயர் வாசிச்சா நேரம் ஆகும். பலர் என்றால் அதில் எல்லாரும் உண்டல்லோ."

அவர்களுக்கு வேலை போய்விட்டது தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாம். வருத்தமாம். சார் நல்ல மனிதர், கொஞ்ச நாளில் அவரே கூப்பிடுவார், இப்போது அதைக் கிளறினால் குழுவுக்குக் கெடுதல். டீச்சர் திரும்பிப் போன பிறகு மருந்துப் பெட்டிகள் கப்பல் ஏற வேண்டும், அதற்குச் சாரின் தயவு வேண்டும். எல்லாம் சரிதான். மாஷ் சொல்வதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் உட்கார்ந்து நாலு தடவை எழுதினேன். 'மற்றும் பலர்' என்ற இடம் வந்ததும் பேனா நிற்கிறது. கிழித்தேன். அம்மா வந்து தாளைப் பொறுக்கினாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டிரங்க்கால், வாசல், நான் சொன்ன பொய், எல்லாம்.

அம்மா ரொம்ப நேரம் கூடத்தில் அங்கும் இங்கும் நடந்தாள். கடைசியில் சொன்னாள். "அப்பா போனப்போ யாரும் எட்டிப் பாக்கலை. உன் மாமாதான் வந்தான். அதை மறந்துடாதே. அவ்வளவுதான் நான் சொல்வேன்."

மறக்கவில்லையே அம்மா. மறந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 15 – வெள்ளி

ஆபீஸ் முடிந்ததும் நேரே மாயக்காவின் வீட்டுக்குப் போனேன். ஒரு பழைய கிடங்கைத் தடுத்து எட்டு அறை ஆக்கியிருக்கிறார்கள். ஓர் அறை அவர்களுடையது. அவள் கணவன் சங்கிலிப்பாண்டி, பஜாரில் கைவண்டி இழுப்பவர், என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனார். நாற்காலி இல்லை. பாயில் உட்கார்ந்தேன். ஒச்சம்மாளும் அங்கே இருந்தாள்.

பதினொரு பேரின் முழுப் பெயரும் வேண்டும் என்றேன், நன்றியுரையில் வாசிக்க. மாயக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு மூக்கம்மாள் இருக்கிறார்கள். ஊர்ப் பெயரைச் சேர்த்து எழுதச் சொன்னாள், இல்லையென்றால் இருவரும் சண்டை போடுவார்களாம்.

எழுதி முடித்த பிறகுதான் சொன்னேன். முதலாளி அனுமதி தரவில்லை. நோக்கலாம் என்றுதான் சொன்னார். தந்துவிட்டதாக நான் சொன்னது பொய்.

ஒச்சம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். மாயக்கா அசையவில்லை.

"தெரியும்," என்றாள். "அன்னிக்கு சன்னல்ல உங்க மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

பிறகு ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"உங்க வேலையும் போனா எங்களுக்கு என்ன கெடைக்கும்? நீங்களா வந்து சொல்லுவீகன்னு பாத்தேன். ஒரு வாரம் ஆயிருச்சு."

ஒச்சம்மாள்தான் பொரிந்தாள். "பேர வாசிச்சா அடுப்பெரியுமா? கைதட்டுவாக, வீட்டுக்குப் போவாக. எங்கள எதுக்கு இவக எழுதணும்?" மாயக்கா அவளை அடக்கவில்லை. அடக்குவாள் என்று எதிர்பார்த்த எனக்கு வெட்கமாக இருந்தது.

கிளம்பும்போது மாயக்கா வாசல் வரை வந்தாள். "வாசிக்கிறதுன்னா முழுசா வாசிங்க. பேரு மட்டும் வாசிச்சா நாங்க சொல்லாமக் கொள்ளாமப் போனவகதான்."



பிப்ரவரி 16 – சனி

சொல்லிவிட்டேன்.

வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நாளைக்கு நானே மாற்றிவிடுவேன்.

மைதானம் நிறைந்திருந்தது. மேடையில் நடுவில் டீச்சர், வலப்பக்கம் முதலாளி, இடப்பக்கம் மாஷ். மாயக்காவும் மற்றவர்களும் ஓரமாக நின்றிருந்தார்கள். ஒச்சம்மாளும் வந்திருந்தாள். டீச்சர் சுருக்கமாகத்தான் பேசினார். பிறகு என் பெயரைச் சொன்னார்கள். முதலாளிக்கு நன்றி சொன்னேன். அது பொய் இல்லை. ஜீப்பும் மைக்கும் இல்லாமல் இந்த இரண்டு வாரம் இல்லை. அச்சகத்தார், படகுக்காரர், எல்லோரையும் சொன்னேன். பிறகு மாஷின் தாளை மடித்துவிட்டு என் தாளை எடுத்தேன்.

எட்டாம் தேதிக் கூட்டத்துக்கு ஆள் திரட்டியவர்கள், போஸ்டர் ஒட்டியவர்கள், இடக்கொச்சிக்கு நடந்தே வந்தவர்கள் என்று சொல்லிப் பதினொரு பெயரையும் வாசித்தேன், இரண்டு மூக்கம்மாளையும் ஊரோடு. கூட்டம் கைதட்டியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பிறகு சொன்னேன், முதலில் தமிழில், அப்புறம் மலையாளத்தில். அந்தக் கூட்டத்துக்கு வந்ததற்காக இவர்களுக்கு வேலை போயிற்று. போக அனுமதி இருக்கிறது என்று இவர்களிடம் சொன்னது நான். முதலாளி அனுமதி தரவில்லை. அவரிடம் சரியாகக் கேட்காமல், தந்ததாகப் பொய் சொன்னேன். அவர் விசாரித்தபோதும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். குற்றம் என்னுடையது. இவர்களுடையது இல்லை. இவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, குழுவுக்காகச் சொல்கிறேன்.

யாரும் கைதட்டவில்லை. நல்லது.

மாஷ் மைக்கை வாங்கப் பார்த்தார். அதற்குள் டீச்சர் எழுந்து மேடையை விட்டு இறங்கினார். ஓரத்தில் நின்ற பெண்களிடம் போய் ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பெயர் கேட்டார். பதினொரு தடவை. ஒச்சம்மாள் என்ன சொன்னாளோ தெரியவில்லை, டீச்சர் தலையைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலாளி கடைசிவரை உட்கார்ந்திருந்தார். தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார். ஜீப்புக்குப் போகிற வழியில் என் பக்கத்தில் நின்றார்.

"என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம் கமலம்," என்றார்.

அவ்வளவுதான். ஏறிப் போய்விட்டார். சின்ன வயதில் கூப்பிட்ட பெயர் அது.

சொல்லியிருக்கலாம். ஆமாம். ஏழு நாள் இருந்தது. மாயக்காவிடம் போகத் தெரிந்தது, அம்மாவிடம் அழத் தெரிந்தது, அவர் அறைக் கதவைத் தட்டத் தெரியவில்லை. ஊர் முன்னால் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்ததோ? ஒரு தப்பைத் தீர்க்கப் போய் இன்னொன்றைச் செய்துவிட்டேனோ? யாரிடம் கேட்பது இதை.

பிப்ரவரி 17 – ஞாயிறு

டீச்சர் பம்பாய்க்கு ரயில் ஏறினார். அங்கிருந்து விமானம். ஸ்டேஷனுக்குப் போகவில்லை. போகத் தைரியம் வரவில்லை.

பிப்ரவரி 18 – திங்கள்

முதலாளி ஒன்பது மணிக்கே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். எட்டு வருஷத்தில் அந்த அறையில் உட்கார்ந்ததில்லை.

முதலில் நான் மன்னிப்புக் கேட்டேன், கேட்காமல் பொய் சொன்னதற்கும், தனியே சொல்லாமல் மேடையில் சொன்னதற்கும். கேட்டுக்கொண்டார். பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பதினோரு பேரையும் நாளைக்கு வரச் சொல்லு. ஒச்சப்பன்கிட்ட சொல்லியாச்சு. அவா மேல தப்பில்லைன்னா நிறுத்தினது என் தப்பு."

நன்றி சார் என்று எழுந்தேன். உட்காரு என்றார்.

"நான் சொல்லாததைச் சொன்னதா சொல்ற ஆளைக் கடுதாசி எழுத வெச்சுக்க முடியாது கமலம். ஜெர்மனிக்கும் லண்டனுக்கும் என் பேர்ல எழுதறது நீ. நாளைக்கு எதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். உனக்கும் வரும். மாசக் கடைசி வரைக்கும் இரு."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் தெளிந்த பிறகும்.

பிப்ரவரி 28 – வியாழன்

கடைசி நாள். பன்னிரண்டு கடிதம். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். ஜன்னல் திறந்திருந்தது. முற்றத்தில் பதினொரு பேரும் இருந்தார்கள். ஒச்சம்மாள் ஒரு தடவை மேலே பார்த்தாள். சிரிக்கவில்லை. பார்த்தாள்.

மார்ச் 19 – செவ்வாய்

தோப்பும்படி டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் கேட்டிருக்கிறேன். ஏப்ரலில் சொல்கிறோம் என்றார்கள். வீட்டில் பகல் எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது. அம்மா பேசுகிறாள், ஆனால் வேலை விஷயம் தவிர.

பேப்பரில் எத்தியோப்பியா நாலாம் பக்கத்துக்குப் போய்விட்டது.

ஏப்ரல் 14 – ஞாயிறு

விஷு. வருஷா வருஷம் மாமா வீட்டுக்குப் போய் அவர் கையால் கைநீட்டக் காசு வாங்குவோம். இந்தத் தடவை அம்மா மட்டும் போனாள். திரும்பி வந்து ஒரு வெள்ளி நாணயத்தை என் முன்னால் வைத்தாள். "உனக்குக் கொடுத்தான். எப்படி இருக்கான்னு கேட்டான்."

நீ என்ன சொன்னாய் என்றேன்.

"நன்னா இருக்கான்னு சொன்னேன். பொய்யா?"

நாணயத்தைச் சுவாமி முன்னால் வைத்துவிட்டேன்.

மே 6 – திங்கள்

இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்துவிட்டேன். காலை இரண்டு வகுப்பு, மாலை இரண்டு. நடுவில் கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுப்பது. சொல்பவர் சொல்வதை அப்படியே அடிக்க வேண்டும். முதல் நாளே ஒருவருடைய வாக்கியத்தை அழகாக்கப் பார்த்தேன். கையை எடுத்துக்கொண்டேன்.

மே 22 – புதன்

மருந்துப் பெட்டிகள் கப்பல் ஏறிவிட்டதாம். மாஷ் வழியில் பார்த்துச் சொன்னார். என்னோடு நின்று பேசியது பிப்ரவரிக்குப் பிறகு இதுதான் முதல். பெட்டிகளுக்குத் துறைமுகத்தில் எல்லாம் சரிபண்ணிக் கொடுத்தது வெங்கிடாசலம் சாராம், கேட்காமலே.

ஜூன் 30 – ஞாயிறு

நாலு நாளாக விடாத மழை. சந்தில் முழங்கால் தண்ணீர். பகல் மூன்று மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். அம்மாதான் திறந்தாள். குடையை மடக்கியபடி மாயம்மாள்.

இதற்கு முன் அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அம்மா ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு உள்ளே வரச் சொல்லி, தலை துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்து, காபி போடப் போனாள்.

டீச்சரிடமிருந்து குழுவுக்குக் கடிதம் வந்திருக்கிறது. மாஷ் அதைக் கிடங்குக்கே கொண்டுபோய் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தாராம். டீச்சர் அதில் பதினொரு பேரையும் பெயர் சொல்லி விசாரித்திருக்கிறாராம், இரண்டு மூக்கம்மாளையும் தனித்தனியே. ஜூன் பத்தாம் தேதி அங்கே மழை தொடங்கிவிட்டதாம். பெண்கள் பதில் போட வேண்டும் என்கிறார்கள். ஒச்சம்மாள்தான் சொன்னாளாம், டைப் அடிக்கிற அம்மாகிட்டப் போ என்று.

தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். மாயக்கா சொல்ல ஆரம்பித்தாள். நான் 'மதிப்பிற்குரிய அன்னக்குட்டி டீச்சர் அவர்களுக்கு, தங்கள் மேலான' என்று எழுதி வாசித்தேன்.

"நான் அப்படிச் சொல்லலியே," என்றாள்.

அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். அவள் சொன்னாள், டீச்சர் படிக்கும்படி மலையாள எழுத்தில் நான் எழுதினேன்.

டீச்சருக்கு மாயம்மாள் எழுதுறது. எங்க பதினோரு பேருக்கும் வேலை இருக்கு. எங்கள்ல பாக்கியலக்ஷ்மிக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. இங்க மழை ஊத்துது, வீட்டுக்குள்ள தண்ணி. ஆனா மழையத் திட்ட மனசு வரல. அங்கயும் பெய்யிதுன்னு கேட்டதுல எல்லாருக்கும் சந்தோஷம். வந்து பேசினதுக்கு நாங்கதான் நன்றி சொல்லணும். சொல்லிக்கிடுறோம்.

எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். கூடத்தில் அம்மா காபி டம்ளரைக் கையில் வைத்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் இருக்கா?" என்றேன்.

"இன்னொரு தடவ வாசிங்க," என்றாள் மாயக்கா.

வாசித்தேன்.